குக்கர் எத்தனை விசில் விட்டது?

காலைப்பரபரப்பு (கேள்வி):

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், முழுதாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

தாம்பரம் பக்கம் இருக்கிறோம். நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வீட்டில் இருந்தபடியே ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். வீட்டுக்காரர் ஏழேகாலுக்கு கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். பையன் ஆறாம் வகுப்பு, பெண் இரண்டாம் வகுப்பு. மாமனாருக்கு 76 வயது, பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. அத்தை தவறி நான்கு வருடம் ஆகிறது, அன்றிலிருந்து மாமாவின் மாத்திரை என் பொறுப்பு.

காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு அடுப்பில் குக்கர், இன்னொன்றில் பால், கை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும், காது பெண் ஒப்பிக்கும் வாய்ப்பாட்டில் இருக்கும், நடுவில் அலுவலகத்திலிருந்து போன் வந்தால் அதையும் எடுத்துப் பேசுவேன். இதை ஒரு குறையாக நான் நினைத்ததே கிடையாது. என் அம்மா முறுக்கு பிழிந்துகொண்டே எங்கள் மூன்று பேரிடமும் பாடம் கேட்பார், வாசலில் நிற்கும் பால்காரரிடம் கணக்கும் பேசுவார். அந்த அம்மாவின் மகள் என்கிற பெருமை எனக்கு உண்டு.

போன மாதம் 10-ஆம் தேதி. மறுநாளுக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனைக் கணக்கு) போட்டாக வேண்டும், ஒரு பார்ட்டியின் பில்கள் அன்று காலையில்தான் வந்து சேர்ந்தன. போனை ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் பில் நம்பர்களைச் சரிபார்த்துக்கொண்டே தோசை வார்த்தேன். மாமாவுக்குச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தேன். அப்புறம் பையனின் ஸ்கூல் வாட்ஸ்அப் குழுவில் சார்ட் பேப்பர் கேட்டிருந்தார்கள், அதைத் தேடி பீரோ மேலே ஏறி இறங்கினேன். திரும்பி வந்தபோது சாப்பாட்டு மேஜையில் மாத்திரை அட்டை கிடக்கிறது, பக்கத்தில் டம்ளரில் தண்ணீர். இன்னும் கொடுக்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொன்றைப் பிரித்து மாமா கையில் கொடுத்தேன். இப்போதுதானே போட்டோம் என்று அவருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. மருமகள் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று விழுங்கிவிட்டார். இதை அவர் மறுநாள்தான் என்னிடம் சொன்னார்.

பதினொரு மணி வாக்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குச் சட்டை நனைய வியர்த்துவிட்டது. கை நடுக்கம், பேச்சு குழறுகிறது. வீட்டில் இருந்த குளுக்கோமீட்டரில் பார்த்தால் 52. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, எதிர்வீட்டுத் தம்பி ஆட்டோ பிடித்து வர, ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த வகை மாத்திரையின் வேகம் நாள் முழுக்க இருக்கும், சர்க்கரை மறுபடியும் இறங்கலாம் என்று ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

எனக்குத்தான் அந்த டம்ளர் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. முதல் மாத்திரையைக் கொடுத்த கை என்னுடையது, ஆனால் நான் அங்கே இல்லை. மனசு முழுக்க பில் நம்பரில் இருந்தது.

தோழி ஒருத்தி மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது செய்வதிலேயே முழு மனசையும் வைப்பது, பழகு என்றாள். ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். பத்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்கிறது. மூன்றாவது நிமிடத்தில் குக்கர் விசில் அடிக்கிறது, அது இரண்டாவதா மூன்றாவதா என்று தெரியாமல் எழுந்து ஓடுகிறேன். இதுவும் நான் முடிக்க வேண்டிய இன்னொரு வேலையாகிவிட்டது.

நான் கேட்பது இதுதான். ஒரே நேரத்தில் பல வேலை செய்வதே தப்பா, இல்லை நான் செய்கிற விதம்தான் தப்பா? தப்பென்றால் என் அம்மா எப்படிச் செய்தார்? என்னைப் போன்ற ஒரு வீட்டில் ஒரு வேலையில் மட்டும் மனசை வைப்பது நடக்கிற காரியமா?


ஓய்வுபெற்ற சிஸ்டர்:

தங்கச்சி, மாமாவுக்கு வியர்த்ததைப் பார்த்ததும் சர்க்கரை டெஸ்ட் செய்து, இனிப்பு கொடுத்து, ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோயிருக்கிறீர்கள். அது மிகச் சரியான காரியம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் வீட்டிலேயே, தூங்கட்டும் விடு என்று படுக்க வைத்து ஆளை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் 30 வருடம் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். மாத்திரை டிராலியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தால் நாலு கட்டில் தாண்டுவதற்குள் பத்து பேர் கூப்பிடுவார்கள். சிஸ்டர், டிரிப் நின்னுபோச்சு. சிஸ்டர், டாக்டர் எப்ப வருவார். சிஸ்டர், போன்ல கூப்பிடுறாங்க. ஒரு நாள் இந்தக் களேபரத்தில் பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போக வேண்டிய ஊசி மருந்தைப் பதினோராம் கட்டில் பக்கத்தில் நின்று சிரிஞ்சில் ஏற்றிவிட்டேன். அந்தப் பெரியவரின் கையைத் துடைக்கிறேன், அவர் மனைவி "இவருக்கு ஊசி கிடையாதுன்னு காலைல சொன்னாங்களே" என்றார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்த அம்மாவின் முகம் இன்னும் மறக்கவில்லை. உங்கள் டம்ளர் மாதிரிதான்.

சிட்னியில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் 98 நர்ஸுகளின் பக்கத்திலேயே நின்று கவனித்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மருந்து கொடுக்கும்போது ஒவ்வொரு முறை யாராவது குறுக்கிடக் குறுக்கிட, தவறு நடக்கும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. அனுபவம் அதிகம் உள்ள நர்ஸுக்கும் அந்த அனுபவம் கை கொடுக்கவில்லை. இதை நான் படித்தபோது என் மனதில் இருந்த பெரிய பாரம் ஒன்று இறங்கியது. இங்கிலாந்தில் பல ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கிற நர்ஸ், "தொந்தரவு செய்யாதீர்கள்" என்று எழுதிய சிவப்பு மேலங்கியைப் போட்டுக்கொண்டு வார்டுக்குள் போவார். விமானத்திலும் இப்படி ஒரு விதி இருக்கிறது. 1974-இல் அமெரிக்காவில் சார்லட் என்ற ஊரில், விமானிகள் இறங்கும் நேரத்தில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்து விமானம் விழுந்தது. அதன் பிறகு 1981-இல், 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானத்தை ஓட்டுவதற்குத் தேவையில்லாத பேச்சே கூடாது என்று சட்டம் போட்டார்கள். மேலே போன பிறகு அவர்கள் காபி குடிக்கலாம், பேசலாம். இறங்குகிற அந்தச் சில நிமிடம் மட்டும் கூடாது.

உங்கள் காலையில் அப்படி மூன்று நிமிடம் இருக்கிறது. மாத்திரை நேரம். மீதி நேரமெல்லாம் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும், அந்த மூன்று நிமிடத்துக்குப் போன் கூடாது, தோசைக்கல் அணைந்திருக்க வேண்டும், பிள்ளைகள் கூப்பிடக் கூடாது.

இன்னொன்று, வாரத்துக்கு ஏழு அறை, ஒவ்வொன்றிலும் காலை, மதியம், இரவு என்று பிரித்த மாத்திரை டப்பா மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரிஸ்கிரிப்ஷனை வைத்துக்கொண்டு நிதானமாக உட்கார்ந்து ரொப்பிவிடுங்கள். காலையில் அறை காலியாக இருந்தால் கொடுத்தாகிவிட்டது, உங்கள் ஞாபகத்தை நம்ப வேண்டியதே இல்லை. எப்போதாவது கொடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால், நீங்களாக இன்னொன்று கொடுக்காதீர்கள், டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். சர்க்கரை மாத்திரையில் இது ரொம்ப முக்கியம்.


மதுரைப்பெண்:

எனக்கும் இதே கதைதான், மாத்திரைக்குப் பதில் கேஸ் அடுப்பு. பால் வைத்துவிட்டுப் பெண்ணுக்குப் பின்னல் போட்டேன், பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் நாற்றம் ஹால் வரை வந்துவிட்டது. பதில்களை எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்.


பேக்எண்ட்காரன்:

மல்ட்டி டாஸ்கிங் என்ற சொல்லே முதலில் மனிதர்களுக்கு வைத்த சொல் கிடையாது, 1960-களில் கம்ப்யூட்டருக்கு வைத்தது. அந்தக் காலத்து ஒற்றை பிராசஸரும் இரண்டு வேலையை ஒரே சமயத்தில் செய்யவில்லை. இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று படுவேகமாக மாறி மாறிச் செய்தது, பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றாக ஓடுவது போலத் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு முறை மாறும்போதும் அது ஒரு காரியம் செய்யும். எந்த வரியில் நின்றது, கையில் என்னென்ன எண்கள் இருந்தன என்பதையெல்லாம் நினைவகத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடும். திரும்பி வரும்போது எழுதி வைத்ததை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். நாமும் மாறிக்கொண்டேதான் இருக்கிறோம், எழுதி வைப்பது மட்டும் இல்லை. அக்கா பீரோ மேல் ஏறியபோது "மாத்திரை கொடுத்தாச்சு" என்பது எங்கும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

மாறுவதற்கு ஒரு விலை உண்டு என்பது புதுச் செய்தியும் இல்லை. 1927-லேயே ஆர்தர் ஜெர்சில்ட் என்கிற அமெரிக்க உளவியலாளர் இதை அளந்திருக்கிறார். எண்களை வரிசையாகக் கொடுத்து எல்லாவற்றிலும் கூட்டு என்றால் சீக்கிரம் முடிக்கிறார்கள், எல்லாவற்றிலும் கழி என்றாலும் சீக்கிரம் முடிக்கிறார்கள், ஒன்றில் கூட்டு அடுத்ததில் கழி என்று மாற்றச் சொன்னால் அதே எண்களுக்கு அதிக நேரம் ஆகிறது. 2009-இல் சோஃபி லெராய் இன்னொன்றைக் காட்டினார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால் மனதில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாவு அரைத்த கிரைண்டரைக் கழுவாமல் அதிலேயே சட்னி அரைப்பது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

எனக்கு அப்படியெல்லாம் ஆகாது, நான் சமாளிப்பேன் என்று எல்லாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. 2010-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 200 பேரைக் கார் ஓட்டுவது போன்ற கருவியில் உட்காரவைத்து, போனில் கணக்கும் சொற்களும் கேட்டுச் சோதித்தார்கள். இரண்டிலும் சறுக்காமல் செய்தவர்கள் 5 பேர்.

அப்புறம் உங்கள் அம்மா. அவர் செய்தது வேறு வகை, அதனால்தான் அவருக்கு முடிந்தது. முறுக்கு பிழியும் கை இருபது வருடம் பழகிய கை, அதற்கு அறிவின் கண்காணிப்பே தேவையில்லை. காதும் வாயும் சும்மா இருந்தன, அவற்றைப் பாடத்துக்குக் கொடுத்தார். நடந்துகொண்டே பேசுவது, துணி மடித்துக்கொண்டே பாட்டு கேட்பது எல்லாம் இதில் சேரும், இதை யாரும் விட வேண்டியதில்லை. நீங்கள் அன்று செய்தது பில் நம்பர் சரிபார்ப்பு, மாத்திரைக் கணக்கு, வாட்ஸ்அப் செய்தி. மூன்றும் படித்து, நினைவில் வைத்துச் செய்கிற வேலை. மூன்றுக்கும் மூளையில் ஒரே வாசல்தான். அம்மா கையையும் காதையும் பிரித்துக் கொடுத்தார், நீங்கள் ஒரே வாசலில் மூன்று பேரைத் தள்ளினீர்கள்.

நானும் சொந்தமாக அடிபட்டுத்தான் இதைப் படித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு போன் காலில் பேசிக்கொண்டே, டெஸ்ட் டேட்டாபேஸில் போட வேண்டிய அழிப்புக் கட்டளையை லைவில் போட்டுவிட்டேன். மூன்று மணி நேரம் வாடிக்கையாளர்களின் ஆர்டர் எதுவும் திரையில் இல்லை. பேக்கப் இருந்ததால் திரும்பக் கிடைத்தது. அன்றிலிருந்து யாராவது கூப்பிட்டால் எழுவதற்கு முன் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். "42-ஆவது வரி, தேதி சரிபார்க்க வேண்டும்" என்கிற மாதிரி. பத்து விநாடி ஆகும். நீங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை ஒட்டிக்கொள்ளுங்கள்.

விசிலை எண்ணாதீர்கள். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து, போனில் டைமர் போடுங்கள். எண்ணுகிற வேலையைக் கருவியிடம் கொடுத்துவிடலாம், அதற்கு அலுப்பு வராது.


லோகோஷெட்:

ரயிலில் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா, நாங்கள் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்வோம். அசிஸ்டென்ட் கையை நீட்டி "டிஸ்டன்ட், டபுள் எல்லோ" என்பான், நான் திருப்பிச் சொல்வேன். இருவரும் ஒரே சிக்னலைத்தான் பார்க்கிறோம், பிறகு எதற்குச் சொல்வது என்று சேர்ந்த புதிதில் எனக்கும் தோன்றியது. இரவு மூன்று மணிக்கு, ஒரே மாதிரி தண்டவாளத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் திறந்திருக்கும்போதே மனசு வேறு எங்கோ போய்விடும். வாய் சொன்னால் காது கேட்கும், காது கேட்டால் மனசு திரும்பி வந்துவிடும். ஜப்பானில் ரயில்வே ஊழியர்கள் விரலால் சுட்டிக்காட்டிச் சொல்வார்கள், அங்கே அது பெரிய பயிற்சி. மாத்திரை கொடுக்கும்போது நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள், உங்கள் மாமனார் திருப்பிச் சொல்லட்டும்.


கோட்டாறுவாசி:

குக்கர் விசிலை எண்ண முடியவில்லை என்று படித்ததும் எனக்கு எங்கள் ஊர்க்காரர் ஒருவர்தான் நினைவுக்கு வந்தார், அதனால் எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் இடலாக்குடியில் 1874-இல் பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். சதாவதானி என்று ஊரே சொல்லும். 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் பெரிய புலவர்கள் முன்னால் சதாவதானம் செய்தார். அவதானம் என்றால் என்னவென்று இப்போது பலருக்குத் தெரியாது. சபையில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கொடுப்பார், ஒருவர் ஒரு தேதியைச் சொல்லி என்ன கிழமை என்று கேட்பார், ஒருவர் இடையிடையே மணி அடித்துக்கொண்டிருப்பார், ஒருவர் முதுகில் நெல்லோ பூவோ எறிந்துகொண்டிருப்பார். கடைசியில் பாட்டும் சொல்ல வேண்டும், கணக்கும் சொல்ல வேண்டும், மணி எத்தனை முறை அடித்தது, முதுகில் எத்தனை விழுந்தது என்பதும் தப்பாமல் சொல்ல வேண்டும். இப்படி எட்டு செய்தால் அட்டாவதானி, நூறு செய்தால் சதாவதானி.

எங்கள் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அவரை மடக்க வேண்டும் என்று ஒருவர் "துருக்கனுக்கு ராமன் துணை" என்று ஈற்றடி கொடுத்தாராம். முஸ்லிம் புலவர் ஆயிற்றே, என்ன செய்கிறார் பார்ப்போம் என்று. அவர் கொஞ்சமும் கலங்காமல் முன்னால் பரதனையும் லட்சுமணனையும் வைத்து, "சத்துருக்கனுக்கு ராமன் துணை" என்று முடித்தாராம். மணியும் நெல்லும் ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள்.

நான் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவன், பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் ஒன்றைச் சொல்வேன். ஒரே நேரத்தில் நூறு காரியம் செய்த இந்தக் கலைக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் அவதானம். அதற்குப் பொருள் கவனம். தமிழில் கவனகம் என்றும் சொல்கிறார்கள். இன்று மல்ட்டி டாஸ்கிங் ஒரு பக்கம், மைண்ட்ஃபுல்னெஸ் எதிர்ப்பக்கம் என்று பேசுகிறோம், இங்கே இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருந்திருக்கிறது. ஆனால் அந்த மேடையில் உட்கார்ந்தவர் அந்த இரண்டு மூன்று மணி நேரம் வேறு எதுவும் செய்யவில்லை. அவருக்கு வீட்டில் பால் பொங்கவில்லை. பல வருடம் அதற்காகவே மனதைப் பழக்கியவர், சபை முழுக்க அமைதியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பயிற்சி பெற்ற ஒரு பெரும்புலவருக்கு ஊர் கூடி உட்கார்ந்து பாராட்டிய திறமையை, காலை ஏழு மணிக்கு ஒரு பெண்ணிடம் சர்வசாதாரணமாக எதிர்பார்க்கிறோம். மணி அடித்ததை ஒருமுறை தப்பாக எண்ணினால் அவதானி வெட்கப்படுவார், அவ்வளவுதான். அந்தப் பெண் தப்பாக எண்ணினால் ஆஸ்பத்திரி. இந்த நியாயம் எனக்குப் பிடிபடவில்லை.


இருபிள்ளைத்தகப்பன்:

ஆசிரியர் ஐயா தொட்ட இடத்திலிருந்து நான் ஆரம்பிக்கிறேன். எல்லாரும் அக்காவுக்கு வழி சொல்கிறீர்கள், எல்லாமே நல்ல வழி. டப்பா வாங்கு, பலகை மாட்டு, டைமர் போடு, வாய்விட்டுச் சொல். எல்லாவற்றையும் செய்ய வேண்டியவர் அவர் ஒருவரேதானா? மாத்திரை அவருடைய மாமனாருக்கு. அதாவது வீட்டுக்காரரின் அப்பாவுக்கு.

இதை நான் கோபத்தில் எழுதவில்லை, நானும் அப்படி இருந்தவன்தான். இரண்டாவது குழந்தை பிறந்தபோது மனைவி ஐந்து மாதம் ஈரோட்டில் அம்மா வீட்டில் இருந்தாள், பெரியவனும் என் அம்மாவும் என்னோடு. முதல் வாரமே எனக்குத் தெரிந்துபோனது. தோசை வார்ப்பது கஷ்டமில்லை. எந்நேரமும் பத்து விஷயத்தைத் தலையில் சுமந்துகொண்டு திரிவதுதான் கஷ்டம். புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம், சிலிண்டர் புக் செய்யணும், அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து முடியப்போகிறது, பால் பாக்கெட் ஒன்று கூடுதலாகச் சொல்லணும். அதுவரை நான் "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்று சொல்லும் கணவனாக இருந்தேன், அதைப் பெரிய உதவி என்றும் நினைத்திருந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று நினைவு வைத்துச் சொல்வதே ஒரு வேலை, அதையும் அவளே செய்துகொண்டிருந்தாள்.

மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம். அதே வேலையைச் செய்கிற ஆண்கள் 97 நிமிடம். இதுவும் செய்கிற ஆண்களின் கணக்கு மட்டும்தான். இந்த 299 நிமிடத்துக்குள்ளே எத்தனை நிமிடம் இரண்டு மூன்று வேலையாக மடிந்து கிடக்கிறதோ!

அக்கா, மாத்திரையை முழுசாக அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை டப்பா ரொப்புவது, தீருவதற்குள் வாங்குவது, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், எல்லாம். ஏழேகால் பஸ் என்றால் ஏழு மணிக்குக் கொடுத்துவிட்டு, அப்பா சாப்பிட உட்கார்ந்ததையும் பார்த்துவிட்டுப் போகட்டும். நீங்கள் ஞாபகப்படுத்தக் கூட வேண்டாம். ஞாபகப்படுத்தினால் அது இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கிறது.


மௌனம்10:

மைண்ட்ஃபுல்னெஸ் பற்றி மட்டும் சொல்கிறேன், அதை ஒருவரும் தொடவில்லை. ஆப் வைத்துப் பத்து நிமிடம் உட்கார முடியாததால் உங்களுக்கு அது வராது என்று முடிவு செய்துவிடாதீர்கள். இது பௌத்தத்தில் பாலி மொழியில் 'சதி' (விழிப்போடு கவனித்திருத்தல்) என்று சொல்லும் பழக்கத்திலிருந்து வருவது. ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீராத வலிக்காரர்களுக்கு ஒரு பயிற்சியாக இதைத் தொடங்கினார். அதில் முதல் பாடமே ஒரு உலர்ந்த திராட்சையை வைத்துத்தான். பார்ப்பது, விரலால் உருட்டுவது, முகர்வது, பிறகு மெதுவாக மெல்வது. கண்ணை மூடி உட்கார வேண்டும் என்பது கட்டாயமே இல்லை.

நான் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற மையத்தில் பத்து நாள் விபாசனா தியான முகாமில் இருந்தேன். போனை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள், பத்து நாளில் பெரும்பகுதி யாரிடமும் பேசக் கூடாது. முதல் மூன்று நாள் மூக்கடியில் மூச்சு படுகிற இடத்தைக் கவனிப்பது மட்டும்தான் வேலை. இரண்டாம் நாள் நான் அழுதுவிட்டேன், என் மனசு ஐந்து மூச்சுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கவில்லை. அங்கே கிடைத்த பெரிய ஆறுதல், மனசு ஓடுவது தோல்வி இல்லை என்பதுதான். ஓடிவிட்டது என்று தெரிகிற அந்த நொடிதான் பயிற்சி, திட்டாமல் திரும்பக் கூட்டிவர வேண்டும். நூறு தடவை ஓடினால் நூறு தடவை.

நீங்கள் இப்போது பத்து நாள் போக முடியாது, எனக்குத் தெரிகிறது. காலையில் முதல் காபியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எங்கே, எப்படிக் குடிக்கிறீர்கள்? நின்றுகொண்டு, அடுப்பு மேடையில் வைத்து, மூன்று தவணையாக, கடைசி வாய் ஆறிப்போய்? உட்கார்ந்து, டம்ளர் சூடு விரலில் தெரிய, ஒரே தவணையில் குடியுங்கள். நாலு நிமிடம் ஆகும்.


காலைப்பரபரப்பு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஒவ்வொரு பதிலையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். சிஸ்டர் அக்கா எழுதியதைப் படித்தபோது அழுதேன், ஆனால் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த தூக்கம்.

அந்தப் பதில்களை அப்படியே வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன், இருபிள்ளைத்தகப்பன் தம்பி எழுதியதையும் சேர்த்துத்தான். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பாவோட மாத்திரை பேரு கூட எனக்குத் தெரியாது" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை டப்பா வாங்கி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரிஸ்கிரிப்ஷனை வைத்து அவரே ரொப்பினார். முதல் வாரம் இரவு மாத்திரை அறையில் காலை மாத்திரையைப் போட்டுவிட்டார், மாமாதான் கண்டுபிடித்துச் சொன்னார். நான் நடுவில் போகாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டாவது வாரம் சரியாக இருந்தது. ஒரு நாள் அவருக்கு நைட் ஷிஃப்ட், அன்று மட்டும் நான் கொடுத்தேன்.

பலகையை ஃபிரிட்ஜில் மாட்டிவிட்டோம், பையன்தான் அதிகம் எழுதுகிறான். விசில் எண்ணுவதை விட்டாகிவிட்டது. போன மாத 11-ஆம் தேதிக்கு, பார்ட்டிகளிடம் எட்டரைக்கு முன்னால் கூப்பிட்டால் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டார், மற்றவர்கள் சரி என்றுவிட்டார்கள். இத்தனை நாள் நான்தான் கேட்கவே இல்லை. காய் நறுக்கும்போது வாய்ப்பாடு கேட்பதை விடவில்லை, பெண் இப்போது பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் இருக்கிறாள்.

முடியாதது காபி. நாலு நிமிடம் உட்கார்ந்தால் இரண்டாவது நிமிடத்திலேயே கால் தானாக எழுந்துவிடுகிறது. இதுவரை நான்கு நாள் முழு டம்ளரையும் உட்கார்ந்து குடித்திருக்கிறேன், சூடாக இருந்தது.

லோகோஷெட் ஐயாவுக்கு ஒரு செய்தி. நீங்கள் எழுதியதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். வேலையில் இருந்த காலத்தில் வருடக்கணக்காக ரயிலில் போய் வந்தவர், ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது காலை ஏழு மணிக்கு வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து, "வியாழன் காலை, சர்க்கரை ஒன்று, பிரஷர் ஒன்று" என்பார். மாமா உள்ளங்கையை நீட்டி, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, "வியாழன் காலை, சர்க்கரை ஒன்று, பிரஷர் ஒன்று" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீரை எடுக்கிறார். நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.